இரண்டு சத்தியம்

கேள்வி: பதவியேற்பு விழாவில் அமைச்சர்கள் இரண்டு முறை உறுதிமொழி எடுப்பது ஏன்? மீறினால் தண்டனை உண்டா?

பதில்: முதலாவது, அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக, பயமும் பாரபட்சமும் இல்லாமல் நடப்பேன் என்பது. அடுத்தது ரகசியக் காப்பு: அமைச்சராக இருப்பதால் தெரியவரும் விஷயங்களை, கடமைக்குத் தேவைப்பட்டாலொழிய வெளியே சொல்லமாட்டேன் என்பது. பலரும் அதிகச் சிரத்தையோடு காப்பாற்றுவது இரண்டாவதைத்தான். முதலாவதை மீறிய கதையும் அந்த ரகசியத்தில் சேர்த்தி!

முதல் உறுதிமொழியில் இப்போதுள்ள, நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்ற வரி ஆரம்பத்தில் இல்லை. 1963-ல் 16-வது திருத்தம் சேர்த்தது. திராவிட நாடு கோரிக்கை டெல்லியை அந்தளவு பயமுறுத்தியிருந்தது.

தண்டனையா? உறுதிமொழி எடுக்காமலே எம்.எல்.ஏ. ஒருவர் சபையில் போய் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். எடுத்துவிட்டு மீறினால் எவ்வளவு என்று அரசியல் சட்டம் ரேட் போடவில்லை. லஞ்சம் வாங்கிச் சிக்கினால் லஞ்ச ஒழிப்புச் சட்டம் பாயும். சத்தியத்தை மீறியதற்கென்று தனி வழக்கு கிடையாது. முதல்வரோ வாக்காளரோ பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் உண்டு.

உறுதிமொழியின் வார்த்தையையே மாற்றிச் சொன்னவரும் உண்டு. 1989-ல் மத்திய அமைச்சர்கள் பதவியேற்றபோது குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் 'அமைச்சர்' என்று எடுத்துக்கொடுக்க, அவர்களில் ஒருவரான தேவிலால் 'துணைப் பிரதமர்' என்றார். திருத்தியும் கேட்கவில்லை, மறுபடி அதே துணைப் பிரதமர்! விவகாரம் சுப்ரீம் கோர்ட்வரை போனது. பதவியேற்பு செல்லும், ஆனால் அவர் மற்றவர்களைப் போல ஓர் அமைச்சர்தான், 'துணைப் பிரதமர்' வெறும் அடைமொழி என்று சொல்லிவிட்டார்கள்.