சிவப்பைத் தொடாத சீடி மாஸ்டர்

உடப்புசல்லாவை டவுனில் இறங்கி, "பழைய கெசட் ஒன்னு சீடியில அடிக்கணும்" என்று யாரிடமாவது சொன்னால் போதும். கையைப் பிடித்துக் கொண்டுபோய் சீடி மாஸ்டர் வீட்டில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். மாஸ்டர் எந்தப் பள்ளியிலும் படிப்பித்தவரல்ல. கழுத்தில் மஃப்ளர், காதில் ஹெட்போன், மூக்கு நுனியில் கண்ணாடி. மலையகத்தில் மாஸ்டர் ஆவதற்கு இவ்வளவு தகுதி போதும்.

அவரிடம் வருவதெல்லாம் சி-60, சி-90 கெசட்டுகள். காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா, மத்திய கிழக்கில் வேலைக்குப் போன மகளுக்கு அம்மா அழுதுகொண்டே பேசி அனுப்பிய சேதி. மலைநாட்டுப் பாடல்களைத் தேடிச் சேர்த்த சி.வி. வேலுப்பிள்ளைக்குக் கிடைத்தது காகிதமும் பேனாவும். மாஸ்டர் கோழி கூவுவது, தகரத்தில் மழை விழுவது உட்பட எல்லாவற்றையும் சேர்க்கிறார். ஆரம்பத்தில் மழையை எடுத்துவிட ஆசைப்பட்டார். இரைச்சல் குறைக்கும் மென்பொருளை அழுத்தி ஓட்டியதில் மழை போனது. காமன் கூத்தின் ரதி தண்ணித்தொட்டிக்குள் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பதுபோல் ஆகிவிட்டாள். அன்றிலிருந்து மழைக்கு மன்னிப்பு.

வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லாமல் அவரால் ஒரு வேலையும் செய்ய முடியாது.

"ஆயா, செக்கனுக்கு 44,100 தரம் சத்தத்த வெட்டி எடுக்கிறோம்."

"அம்புட்டு வெட்டு வெட்டினா மரத்துல கொழுந்து மிஞ்சுமா தம்பி?"

மாஸ்டரின் உண்மையான தலைவலி நேரக்கணக்கு. கூத்தில் மன்மதன் எரிய விடியற்காலை ஆகும். சீடியிலோ 80 நிமிடத்துக்குள் அவனை எரித்தாக வேண்டும். யாரை வெட்டுவது? தூதனை வெட்டினால் தூதனாக ஆடியவரின் லயம் முழுக்க முறைத்துக்கொள்ளும். வீரபுத்திரனை வெட்டினால் அவர் வேஷத்தைக் கலைத்த பிறகும் வீரபுத்திரன்தான். கூத்துக்கு முன்னால் தலைவர் பேசிய பதினைந்து நிமிடத்தை மட்டும் யாராலும் வெட்ட முடியாது. அதுதான் முதல் டிராக்.

அடுத்தது சத்தம். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருவராகத் தனித்தனியே வருவார்கள். "மாஸ்டர், தப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்." அவர் போனதும் இன்னொருவர்: "தப்பக் கொறச்சு நம்ம பாட்டத் தூக்குங்க." மாஸ்டர் திரையில் துள்ளும் பச்சைக் கோட்டைக் காட்டுவார். "பூச்சியம் டெசிபலுக்கு மேல இடமே இல்லண்ணே. கெசட்டாவது கொஞ்சம் பொறுத்துக்கும், இது சத்தத்தோட தலைய அப்படியே சீவிரும்." சிவப்பு விளக்கு எரியவிடுவது அவருக்குக் கொலைபாதகம். 2008இல் மெட்டாலிக்கா இசைக்குழுவின் 'டெத் மேக்னெட்டிக்' வெளிவந்தபோது, சத்தத்தை அளவுக்குமேல் ஏற்றிவிட்டார்கள் என்று ரசிகர்களே மனுப் போட்டார்கள். அப்படியொரு மனு உடப்புசல்லாவையிலிருந்து போகவே போகாது. இங்கே வரும் முறைப்பாடெல்லாம், "என் மவன் சத்தம் ஏன் கம்மியா கேக்குது?"

ஒருமுறை திருவிழாக் கமிட்டிக்கு, சீடியை ஆலையில் கொடுத்து முறையாக அச்சடிக்கலாம் என்று ஆசை வந்தது. மாஸ்டருக்குப் பேச இதைவிட நல்ல நாள் வாய்க்குமா? கண்ணாடித் தட்டில் மூலம் எடுப்பதிலிருந்து, அதிலிருந்து நிக்கல் அச்சு வார்த்து, அந்த அச்சில் பிளாஸ்டிக்கை அழுத்துவது வரை ஒரு மணி நேரம் பேசினார். பாட்டுக்கு நடுவே இரண்டு செக்கன் மௌனம் விழுந்து தப்பு அறுந்துபோகாமல் இருக்க, டிஸ்க்-அட்-வன்ஸ் முறையில்தான் மூலப்பிரதி எழுதவேண்டும் என்பதையும் விடவில்லை. கடைசியில் பொருளாளர் வாயைத் திறந்தார்.

"எத்தன அடிக்கணும்?"

"ஆயிரமாவது அடிச்சாத்தான் கட்டுப்படியாகும்."

"நம்ம டிவிசன்ல மொத்தமே அத்தன வீடு இல்லையே மாஸ்டர்."

ஆலை ஆசை அத்தோடு போனது. ஐம்பது பிரதியை மாஸ்டரே வீட்டில் எழுதித் தருவதென்று முடிவாயிற்று. வேகமாக எழுதினால் பிழை விழும் என்பது அவர் கட்சி. அதனால் ஆக மெதுவான வேகத்தில், ஒவ்வொன்றாக எழுதுவார். உடப்புசல்லாவை மழைக்கோ அந்தப் பொறுமை கிடையாது. இடி ஒன்று விழும், கரண்ட் போகும், எழுதிக்கொண்டிருந்த தட்டு பாழ்.

பாழான தட்டுகளை மாஸ்டரின் மனைவி வீணாக்குவதில்லை. நூலில் கோத்து லீக்ஸ் பாத்திக்கு மேலே கட்டிவிடுவார். சீடி உள்வட்டத்திலிருந்து வெளியே எழுதப்படுவது. முதல் டிராக் தலைவருடையது. ஆகவே அங்கே தொங்கும் ஒவ்வொன்றிலும் மன்மதன் இல்லை, ரதி இல்லை, தலைவர் பேச்சு மட்டும் முழுசாக இருக்கிறது. ஒரு குருவி கிட்டே வருவதில்லை.