மேய்க்க என்ன இருக்கிறது?

கேள்வி: யாரோ தெருவில் விட்டுப்போன பார்டர் கோலி நாய்க்குட்டியை மீட்டு வைத்திருக்கிறேன். 'அழகா இருக்கு, எங்களுக்குக் கொடுங்க' என்று பலர் கேட்கிறார்கள். யாருக்குக் கொடுக்கலாம்?

பதில்: அழகுக்காகக் கேட்பவருக்கு ஒரு பொம்மை வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். இங்கிலாந்து-ஸ்காட்லாந்து எல்லையில் நாளெல்லாம் ஆடு மேய்த்த பரம்பரை அது. 1893இல் பிறந்த 'ஓல்ட் ஹெம்ப்' என்ற நாய்தான் மூதாதை. முறைத்தே மந்தையை மடக்குமாம். ஆடு இல்லாத வீட்டில் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வி மூலையில் சேர்க்கும். வேலை கொடுக்காவிட்டால், சோபாவுக்குள் என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்த்துவிடும். பகலில் வீட்டில் யார், காலையில் எத்தனை மணிக்கு எழுவார்கள் என்று பெண் கொடுப்பவர்போலத் துருவிக் கேளுங்கள். கூடவே ஓடுகிறவர், பந்து எறிந்து அலுக்காதவர் கிடைத்தால் சரி. 'கேட்டில் கட்டிப்போடலாம்' என்பவரிடம் உங்கள் முகவரியைக்கூடச் சொல்லாதீர்கள்.