நிலநடுக்கத்துக்கு யாரும் விசில் ஊதவில்லை

2024 ஏப்ரல் 5-ஆம் தேதி காலை 10:23 மணிக்கு நிலம் ஆடியது. நியூஜெர்சியில் மையம், 4.8 அளவு. கனெக்டிகட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுத்தன. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த என் மாமியார், “யாரது, பூனையா?” என்றார். அதோடு சரி. அன்று மாலைக்கு மேல் எங்கள் தெருவில் நிலநடுக்கத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று இரவு கிளீவ்லேண்டில் ஒரு இருபத்தோரு வயதுப் பெண்ணின் முழங்கை ஆடியது. எத்தனை அங்குலம் ஆடியது, ஆடியதா இல்லையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதைப் பற்றி எங்கள் தெரு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அமெரிக்கா முழுவதற்குமான போட்டி மார்ச் மாதம் தொடங்கும். 2024-இல் 68 அணிகள். தோற்றால் வீட்டுக்கு. ஏப்ரலில் நான்கு அணிகள் மிஞ்சும். அதற்கு ‘ஃபைனல் ஃபோர்’ என்று பெயர். அந்த வருஷ அரையிறுதியில் எங்கள் யூகானும் (கனெக்டிகட் பல்கலைக்கழகத்தை இங்கே அப்படிச் சொல்லாவிட்டால் ஊர்விலக்கம்) அயோவாவும் மோதின.

எங்கள் மாநிலத்தின் ஏக்கம் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஹார்ட்ஃபோர்டைச் சுற்றிக் காப்பீட்டு நிறுவனங்கள். அவற்றின் கணினிகளைச் சுற்றி நாங்கள். மற்றபடி, ஆண்கள் ஆடும் நான்கு பெரிய ஆட்டங்களில் சொந்தமென்று சொல்லிக்கொள்ள ஒரு தொழில்முறை அணி கிடையாது. இருந்த ஒரே ஐஸ் ஹாக்கி அணியும் 1997-இல் மூட்டை கட்டிக்கொண்டு வட கரோலினாவுக்குப் போய்விட்டது. போகாமல் இருந்தது இந்தப் பெண்கள் அணிதான். இத்தாலியில் பிறந்து ஏழு வயதில் அமெரிக்கா வந்த ஜீனோ ஆரியெம்மா 1985 முதல் அதன் பயிற்சியாளர். அன்றைய கணக்கில் 11 கோப்பைகள். ஒரு கட்டத்தில் தொடர்ச்சியாக 111 ஆட்டங்களில் வென்றார்கள்.

பக்கத்து வீட்டுப் பாட்டி இவர்களுடைய பரம ரசிகை. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பருவம் முழுவதற்கும் டிக்கெட் வாங்கி வைத்திருப்பார். அந்த 111 வெற்றிகளில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். யோசித்தார். “எல்லாம் நல்லாத்தான் இருந்தது” என்றார், கல்யாண வீட்டுச் சாம்பாரைப் பற்றிச் சொல்வதுபோல். ஆனால் 112-ஆவது ஆட்டம், 2017-இல் டல்லாஸில், மிஸிஸிப்பி ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் விழுந்த ஒரு பந்தால் தோற்றது? அதை நிமிஷம் நிமிஷமாகச் சொன்னார். நடுவில் நான் இரண்டு தடவை எழுந்துபோய்க் காபி கலந்து வந்தேன். கதை தடைபடவில்லை.

சம்பவத்தன்று இரவு அவரை வீட்டுக்கு அழைத்திருந்தோம். மனைவி மிளகாய் பஜ்ஜி போட்டாள். பள்ளி அணியில் ஆடும் என் மகள் நெற்றியில் நீலப் பட்டை கட்டிக்கொண்டாள். நான் செய்த ஒரே காரியம், அலுவலக நண்பர் ஒருவரையும் கூப்பிட்டது. அவர் அயோவாவில் பிறந்தவர் என்பது எனக்குத் தெரியும். அது அன்றைக்குக் குற்றம் என்பதுதான் தெரியாது. சோபாவின் கடைசி மூலையில், சம்பந்தி வீட்டு ஆள்போல ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பாதி முடிந்தபோது யூகான் 32, அயோவா 26. நாடே பார்க்க வந்த அயோவாவின் கெய்ட்லின் கிளார்க்கை, குரோஷியாவிலிருந்து வந்த நிகா மூல் நிழலாகத் தொடர்ந்தார். கிளார்க்குக்கு அதுவரை ஆறே புள்ளி. பாட்டி மூன்றாவது பஜ்ஜியை எடுத்தார். அப்புறம் அயோவா விழித்துக்கொண்டது. கிளார்க்கை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஹேனா ஸ்டூல்கி சத்தமில்லாமல் 23 புள்ளி போட்டார். கடைசி நொடிகளில் அயோவா 70, யூகான் 69. பந்து எங்கள் கையில். பெய்ஜ் பெக்கர்ஸ் அதை வாங்கிச் சுழல வேண்டும். அவருக்கு வழிவிட ஆலியா எட்வர்ட்ஸ் குறுக்கே வந்து நின்றார். அயோவாவின் கேபி மார்ஷல் வந்து மோதினார்.

விசில்.

கடிகாரத்தில் 3.9 விநாடி. இல்லீகல் ஸ்கிரீன். பந்து அயோவாவுக்கு. அடுத்து கிளார்க்குக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்று விழுந்தது, ஒன்று தவறியது. தவறியதையும் அவர்களே பிடித்துக்கொண்டார்கள். 71-69. தாலி கட்டுகிற நேரத்தில் கரண்ட் போன மாதிரி வீடு நிசப்தமானது.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மூலையிலிருந்த அயோவாக்காரர் மட்டும் முகத்தைப் பஜ்ஜித் தட்டுக்குள் மறைத்துக்கொண்டார். சிரிக்கிறார் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது.

“எதுக்கு இப்படிக் கத்துறீங்க?” என்றார் மாமியார்.

“ஸ்கிரீன் பாட்டி, ஸ்கிரீன்!” என்றாள் மகள்.

மாமியார் ஜன்னலைப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை ஸ்கிரீன் என்பது கும்பகோணத்தில் மீட்டர் கணக்கில் வாங்கித் தைப்பது. “ஸ்கிரீன் துணிக்கு என்னடி கேடு? போன வாரம்தானே துவைச்சேன்.”

மகள் விளக்கினாள். நம் ஆளிடம் பந்து வரப்போகிறது, எதிராளி அவளைத் துரத்துகிறாள் என்றால், நாம் குறுக்கே போய்த் தூண்போல நிற்கலாம். அதுதான் ஸ்கிரீன். நிற்கலாம், ஆனால் அசையக் கூடாது. மோதும் நேரத்தில் சாய்ந்தாலோ, காலை நகர்த்தினாலோ, முழங்கையை நீட்டினாலோ தப்பு.

சொன்னது போதவில்லை என்று செய்தும் காட்டினாள். “அப்பா, நீதான் தூண். வந்து நில்லு.” நான் பஜ்ஜித் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றேன். அயோவாக்காரர் கேபி மார்ஷல். பாட்டி பெய்ஜ் பெக்கர்ஸ். முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர் என்றாலும் ஆர்வமாக எழுந்துவந்தார். “ஸ்டார்ட்!” என்றாள் மகள். பாட்டி என்னைச் சுற்றி மெதுவாக நடந்தார். ஆறடி இரண்டங்குல அயோவாக்காரர் அவரைத் துரத்திக்கொண்டு என்மேல் வந்தார். வருகிற உருவத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் உடம்பு ஒதுங்காது? தட்டைக் காப்பாற்ற லேசாகத் திரும்பினேன். முழங்கை அவர் விலாவில் பட்டது. ஒரு பஜ்ஜி கம்பளத்தில் விழுந்து உருண்டது.

“மாப்பிள்ளை ஆடிட்டார்” என்றார் மாமியார். “பவுல்தான்.”

அறை உறைந்தது.

“இதுல என்ன கஷ்டம்? மகாமகக் கூட்டத்துல நான் பாட்டுக்கு நிக்கிறேன். நீ வந்து இடிச்சா உன் தப்பு. நீ வர்றப்ப நான் இடுப்பை ஆட்டினா என் தப்பு. அந்தப் பொண்ணு ஆட்டுச்சு. விசில் ஊதினவர் சரியாத்தான் ஊதினார்.”

அறுபது வருஷம் காவிரிக்கரையில் கூட்ட நெரிசலைப் பார்த்தவரின் தீர்ப்பு. நான் மொழிபெயர்த்தேன். அயோவாக்காரர் எழுந்துவந்து மாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாட்டி தன் கோட்டை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: “உன் மாமியார் சொல்றது சட்டம். நான் சொல்றது நியாயம். கடைசி நாலு விநாடியில விசில் ஊதக் கூடாது.”

இந்த ‘நியாயம்’ அடுத்த சில நாட்களில் கிளைவிட்டு வளர்ந்தது. எங்கள் தெருவில் மூன்று கட்சிகள் உருவாயின. முதல் கட்சி: முழங்கை ஆடவே இல்லை. இரண்டாவது: ஆடியது, ஆனால் இதேபோல ஆட்டம் முழுக்க எல்லோரும்தான் ஆடினார்கள், அப்போதெல்லாம் விசில் தூங்கியதா? மூன்றாவது கட்சிக்கு முழங்கையே பொருட்டில்லை. அது ‘மட்டும்’ கட்சி. எங்கள் ஆஸி ஃபட்டுக்கு மட்டும் முழங்கால் அடிபடாமல் இருந்திருந்தால்... இன்னும் இரண்டு பேர் மட்டும் உடல்நலத்தோடு இருந்திருந்தால்... ஆண்கள் கூடைப்பந்தின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸே அந்த விசிலை ஏற்கவில்லை என்று எழுதியது மூன்று கட்சிக்கும் பொதுச் சொத்து. ஆடிய பெக்கர்ஸோ, ஒரு ஆட்டம் ஒரே ஒரு விசிலால் போய்விடுவதில்லை என்று அன்றே சொல்லிவிட்டுப் போனார். ஆடியவர் விட்டுவிட்டார், பார்த்தவர்கள் விடுவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். சவுத் கரோலினா அயோவாவை 87-75 என்று வென்று, அந்தப் பருவத்தை ஒரு தோல்விகூட இல்லாமல் 38-0 என்று முடித்தது. அதன் பயிற்சியாளர் டான் ஸ்டேலியின் பெண்கள் பிரமாதமாக ஆடினார்கள். எங்கள் தெருவில் அதைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான்: “நாம போயிருக்கணும்.”

திங்கட்கிழமை சூரிய கிரகணம். எங்கள் ஊரில் முழு கிரகணம் இல்லை; பிற்பகல் மூன்றரை வாக்கில் வெயில் மங்கலாகப் பழுப்பேறியது. மாமியார் சமைத்ததிலெல்லாம் தர்ப்பைக்குப் பதில் கறிவேப்பிலைக் காம்பைப் போட்டுவைத்தார். “வெள்ளி நிலநடுக்கம், திங்கள் கிரகணம். நடுவுல ஜெயிக்க முடியுமா?” என்று அவர் கேட்டதை மொழிபெயர்த்தபோதுதான் பாட்டி அவரோடு சமாதானமானார். நடுவரை விட்டுவிட்டு நவக்கிரகங்களைத் திட்டலாம் என்பது அவருக்குப் புது வழியாகத் தெரிந்தது.

அன்று இரவு யூகானின் ஆண்கள் அணி, பர்டியூவை 75-60 என்று வீழ்த்தித் தேசியக் கோப்பையை வென்றது. மறுநாள் பாட்டியிடம் வாழ்த்துச் சொன்னேன். “ஆமாம், நல்ல பசங்க” என்றார். “அந்த முழங்கை இருக்கே...”

அயோவாக்காரரை நான் மதிய உணவு நேரத்தில் சீண்டினேன்: மக்காச்சோளம் விளைகிற ஊருக்குக் கூடைப்பந்து எங்கிருந்து வந்தது? அவர் முகம் மாறியது. அவர் பாட்டியும் அம்மாவும் பள்ளியில் ஆடியவர்களாம். அயோவாவில் பள்ளிப் பெண்கள் 1993 வரை பக்கத்துக்கு ஆறு பேராக ஆடியிருக்கிறார்கள். மூன்று பேர் பந்து போட, மூன்று பேர் தடுக்க; நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது; பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக் கூடாது. “என் பாட்டி தடுக்கிற ஆள். நாலு வருஷம் ஆடினாங்க. வாழ்நாள்ல ஒரு புள்ளி எடுத்ததில்லை. ஆனா ஊர்ல அவங்கதான் பெரிய ஆட்டக்காரி” என்றார். கோடு போட்டுப் பெண்களை நிறுத்துவது இந்த ஆட்டத்தோடு பிறந்த பழக்கம். 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையைத் தொங்கவிட்ட ஸ்பிரிங்ஃபீல்டு எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். அடுத்த வருஷமே செண்டா பெரென்சன் அதற்குச் சற்று வடக்கே ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்குச் சொல்லித்தந்தார். தளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் கட்டத்தில் அவரவர் என்றார். அங்கே 1893-இல் நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதி இல்லை.

இதைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, தான் பார்த்ததைச் சொன்னார். ஆண்களுக்கான இந்தத் தேசியப் போட்டி 1939-இல் தொடங்கியது; கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கு அதை 1982-இல்தான் தொடங்கியது. 2021-இல்கூட, ஆண்களுக்கு அரங்கம் அளவு உடற்பயிற்சிக் கூடம் கொடுத்துவிட்டு, பெண்களுக்கு ஒரு அடுக்கு டம்பெல்லையும் கொஞ்சம் யோகா பாயையும் கொடுத்தார்கள். ஓரிகன் வீராங்கனை ஒருவர் படம் பிடித்துப் போட்டபிறகுதான் நாடு வெட்கப்பட்டது. ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பெயரையே பெண்கள் போட்டிக்கு 2022-இல்தான் கொடுத்தார்கள்.

“அந்தக் காலத்துல நான் போற ஆட்டத்துல எந்த நாற்காலி வேணுமோ அதுல உட்காரலாம். எல்லாரும் ரொம்ப மரியாதையா கைதட்டுவாங்க. ‘பொண்ணுங்க நல்லா ஆடுறாங்களே’ம்பாங்க. நடுவரைத் திட்ட ஒரு ஆள் இருக்காது” என்றார் பாட்டி.

மரியாதையாகக் கைதட்டுவது பக்கத்து வீட்டுக் குழந்தையின் பாட்டுக்கு. சொந்தக் குழந்தை பாடினால் சுருதி விலகியதென்று சண்டை போடுவோம். அந்த அரையிறுதியைப் பார்த்தவர்கள் 1 கோடியே 42 லட்சம் பேர். இறுதி ஆட்டத்துக்கு 1 கோடியே 89 லட்சம். ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்களோ 1 கோடியே 48 லட்சம்தான். பெண்கள் இறுதி ஆண்கள் இறுதியை முந்தியது அதுவே முதல் தடவை. ஆனால் எண்ணிக்கையைவிட எனக்கு நம்பிக்கை தந்தது, எங்கள் வீட்டுக் கம்பளத்தில் உருண்ட பஜ்ஜிதான்.

2025 ஏப்ரல் 6. டாம்பாவில் இறுதி ஆட்டம். குணமாகி வந்த ஃபட் 24 புள்ளி. முதலாண்டு மாணவி சேரா ஸ்ட்ராங் 24 புள்ளி, 15 ரீபவுண்டு. சவுத் கரோலினாவை 82-59 என்று வென்று, யூகான் 2016-க்குப் பிறகு முதல் தடவையாகக் கோப்பையைத் தொட்டது. பன்னிரண்டாவது கோப்பை. பெக்கர்ஸும் ஆரியெம்மாவும் கட்டிப்பிடித்து அழுதார்கள். எங்கள் கூடத்தில் பாட்டியும் மகளும் அழுதார்கள். அயோவாக்காரர்கூடக் கைதட்டினார், ரொம்ப மரியாதையாக.

பிறகு கேக் வெட்டினோம். சாப்பிட்டோம். யாரும் பேசவில்லை. மனைவி வெயிலைப் பற்றி ஏதோ சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

கும்பகோணத்தில் அப்போது நடுராத்திரி தாண்டியிருந்தது. இருந்தாலும் மாமியார் வாட்ஸப்பில் வந்தார். “ஜெயிச்சாச்சா மாப்பிள்ளை? எவ்வளவு வித்தியாசம்?”

“23 புள்ளி, அத்தை.”

“அடப்பாவமே” என்றார். “அப்பப் பேச ஒண்ணுமே இல்லையே.”

மொழிபெயர்த்தேன். பாட்டி முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். கண்ணில் பழைய ஒளி வந்தது. “போன வருஷம் அந்த ஸ்கிரீன் மட்டும்...” என்று ஆரம்பித்தார். அயோவாக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் சோபாவைத் தள்ளி இடம் பண்ணினாள்.

யாரும் கூப்பிடாமலே நான் எழுந்துபோய்க் கூடத்தின் நடுவில் தூண்போல நின்றேன். இந்தத் தடவை தட்டைக் கீழே வைத்துவிட்டு.