கூடாரம் தயார், ஏரி எங்கே?

சென்னையில் ஏரிக்கரைப் பூங்காவில் கூடாரம் அடித்து, தூண்டில் போட்டு, பிடித்த மீனை அங்கேயே சுட்டுத் தின்று ஒரு சனி ஞாயிறைக் கழிக்க ஆசைப்படும் குடும்பஸ்தர்களே, கூடாரம் வாங்குவது சுலபம். ஏரிதான் கஷ்டம். நல்ல ஏரிகளையெல்லாம் நமக்கு முன்னாலேயே பத்திரம் போட்டு முடித்துவிட்டார்கள்.

முதலில் இடம். என்னைக் கேட்டால் தி.நகர்தான். சிரிக்காதீர்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி அது. வெள்ளைக்காரன் ‘லாங் டேங்க்’ என்று பெயர் வைத்துப் படகுப் போட்டி நடத்தினான். 1920-களில் அதை வடித்து மூடி நகரமாக்கும் வேலை தொடங்கியது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் இருக்கிறது. பால்கனியில் நின்றால் எதிர்வீட்டு ஏ.சி. பெட்டி தெரியும். கொஞ்சம் இலக்கிய வாசனையோடு முகாம் போட வேண்டுமென்றால், 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் இருக்கிறது. கடவுள் வாழ்த்து முடிந்த கையோடு இரண்டாம் அதிகாரத்தையே மழைக்குக் கொடுத்த மனிதருக்கு, மழைநீர் நிற்க வேண்டிய ஏரிக்குள் கல்தேர் நிறுத்திய பெருமை உலகில் நமக்கு மட்டும்தான்.

இல்லை, தண்ணீர் உள்ள ஏரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பருவம் பார்க்க வேண்டும். கோடை ஆகாது. 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்தது. அதற்கு வாழைமரம் கட்டாத குறை. டிசம்பரும் யோசிக்க வேண்டியதுதான். 2015-ல் போட்டது போல மழை போட்டால், மொட்டைமாடியில் உட்கார்ந்தபடியே தூண்டில் வீசலாம்.

ஆகவே மிஞ்சுவது ‘சீரமைக்கப்பட்ட’ ஏரி. நம் ஊரில் ஏரி சீரமைப்பு என்றால் ஏரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சீரமைப்பது. மேல் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், வயலுக்கு விடும் மதகு, மிஞ்சியதைக் கீழ் ஏரிக்கு அனுப்பும் கலங்கல், இதில்தான் ஏரியின் உயிர் இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரத்து ஏரிகளெல்லாம் இப்படி ஒன்றோடொன்று கோத்தவை. இவற்றில் எதையும் தொட மாட்டார்கள். வரத்துக்கால் மேல் மனைப்பிரிவு வந்திருக்கும். மதகு மண்ணுக்குள் போயிருக்கும். கரையை உள்ளே தள்ளி நடைபாதை போட்டு, பேவர் பிளாக் பதித்து, சரிவுக்குக் கான்கிரீட் பூசி, வாசலில் ஊர்ப் பெயரையும் சிவப்பு இதயத்தையும் நிறுத்தினால் பூங்கா தயார். உள்ளே சிமெண்டில் ஓர் ஒட்டகச்சிவிங்கி நிற்கும். ஏரியில் அதற்கென்ன வேலை என்று கேட்காதீர்கள். இந்த ஏரியை நம்பித் தாகத்தோடு வராத ஒரே பிராணி அதுதான்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சேத்துப்பட்டு ஏரியில் மீன்வளத் துறை 2016-ல் திறந்த பூங்காவில் படகும் விட்டார்கள், தூண்டில் போடவும் இடம் விட்டார்கள். மனது வைத்தால் முடியும் என்பதுதான் இதில் எரிச்சலே.

மற்ற இடங்களில் வாசல் பலகையைப் படியுங்கள். மீன் பிடிக்கக் கூடாது. சமைக்கக் கூடாது. புல்லில் உட்காரக் கூடாது. அந்தப் பட்டியலில் விட்டுப்போனது கழிவுநீர் லாரி ஒன்றுதான். பூங்கா மூடிய பிறகு பின்சுவரோரம் ரிவர்ஸில் வந்து நின்று, தடித்த குழாயை ஏரிப்பக்கம் தொங்கவிட்டு, காலி செய்துவிட்டு ஆர அமரக் கிளம்பும். அதைக் கேட்க நாதியில்லை. ஆனால் மூங்கில் கொம்பில் தங்கூசி கட்டி, மைதா உருண்டையை முள்ளில் கோத்து, ரப்பர் செருப்புத் துண்டைத் தக்கையாக மிதக்கவிட்டு ஒரு பையன் கரையில் குந்தட்டும், செக்யூரிட்டிக்கு உடனே விசில் ஞாபகம் வந்துவிடும். இவன் பாட்டன் இதே ஏரியில் ஊத்தா போட்டு விரால் அமுக்கியவன். பேரன் அத்துமீறி நுழைந்தவன்.

சரி, விசிலையும் மீறித் தூண்டில் போட்டுவிட்டீர்கள். விராலும் அயிரையும் கனவில்தான். ஜிலேபி மாட்டும், 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்க மீன், மூச்சுத் திணறும் தண்ணீரிலும் குடும்பம் நடத்தும். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டும். வளர்க்கக் கூடாது என்று தடை இருப்பது அதற்கும் தெரியாது, வளர்ப்பவனுக்கும் தெரியாது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, பெருத்ததும் ஏரியில் கொட்டிய ‘டேங்க் கிளீனர்’ முள்ளும் தோலுமாக வந்து வலையைக் கிழிக்கும். ஏரியைச் சுத்தம் செய்ய எந்தத் துறையும் வராத ஊரில் பாசியைச் சுரண்டிக்கொண்டு இருப்பது அது ஒன்றுதான். சம்பளமும் கேட்பதில்லை.

நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. அந்தச் சட்டத்தின் கண்ணுக்குக் குடிசை மட்டும் துல்லியமாகத் தெரிகிறது. மதுரையில் 2004-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளை உலகனேரி கண்மாய் இருந்த இடத்தில்தான் எழுந்தது. அதன் மேல் எந்த ஜேசிபி ஏறும்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளை ‘உங்கள் பாதுகாப்புக்குத்தான்’ என்று இடித்து, ஜனங்களைச் சட்டி பானையோடு பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்ந்த பூமி. மழை வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. ஆற்றோரத்துக் கண்ணாடிக் கட்டடங்களின் பாதுகாப்பைப் பற்றி மட்டும் யாருக்கும் கவலையே வரவில்லை. 2022-ல் பள்ளிக்கரணைக்கு, ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் அங்கீகாரம் வாங்கி மகிழ்ந்தோம்; பெருங்குடிக் குப்பைமேடு அந்தச் சதுப்பில் கொட்டிக் கொட்டி வளர்ந்ததுதான்.

உங்கள் பகுதி ஏரிக்கு அழகுபடுத்தும் திட்டம் என்று பேனர் கட்டினால் செல்ஃபி எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். வரத்துக்கால் எங்கே, கலங்கல் எங்கே, எத்தனை சாக்கடை வாய்கள் ஏரிக்குள் திறந்திருக்கின்றன, அவற்றை எப்போது அடைப்பீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். மனுவுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம்.