எட்டு முழ வேட்டியும் ஒருநாள் பூவும்

ஏலே பேராண்டி, நீ அனுப்புன போட்டோ 117-ம் வந்து சேர்ந்துச்சு. 117-லயும் ஒரே மூஞ்சி. "எல்லாம் ஒரே பூவாப்பா?"ன்னு உன் அத்தை கேக்கா. இல்ல தாயி, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பேரு, ரேஷன் கார்டு மட்டுந்தான் இன்னும் குடுக்கலன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

போன கோடையில ஒஹாயோவுல உன் வீட்டுல வந்து கிடந்தப்போ உங்க டேலிலிப் பூச் சங்கத்தைக் கண்ணால பாத்தவன் நான். அதனால சொல்லுத உரிமை எனக்கு உண்டு. படிச்சவன் கோவிச்சுக்கிடப்பிடாது.

காலையில விரிஞ்சு ராத்திரி சுருங்கிப்போற பூவுக்கு ஒரு சங்கம், தலைவர், பொருளாளர், வருசச் சந்தா! மொதல்ல நான் சிரிச்சது நிசந்தான். அப்புறம் விசாரிச்சா, விவகாரம் 1946-லயே ஆரம்பிச்சிருக்கு. அயோவாவுல ஷெனாண்டோவான்னு ஒரு சின்ன ஊரு. ரேடியோவுல தோட்டம் தொரவு பத்திப் பேசுன ஹெலன் ஃபீல்ட் ஃபிஷர் அம்மாவைக் கேட்டுக் கேட்டுப் பித்தேறுன சனம், ஒருத்தருக்கொருத்தர் சுத்துக் கடுதாசி போட்டு, கடைசியில ஒண்ணாக் கூடிட்டாங்க. இப்ப அந்தப் பெரிய சங்கத்துக்கு 15 மண்டலம். ஒஹாயோ ரெண்டாம் மண்டலம். பேரு பதிஞ்ச ரகம் லட்சத்தை ஒட்டி நிக்குதாம். நம்ம ஊருல பிள்ளைக்குப் பேரு வைக்கவே மூணு மாசம் சண்டை போடுதோம்.

உங்க சங்கத்துல எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு, கேட்டுக்கோ. புதுச் செடி ஒரு விசிறி நூறு டாலருக்கு மேலயும் போகுது. விசிறின்னா என்ன, வெங்காயத்தாளு மாதிரி ஒரு கொத்து இலை, மண்ணைக் கழுவிப் பெட்டியில போட்டு அனுப்புதான். அதைச் சங்கக் காசுல வாங்கி, உறுப்பினரு கையில குடுத்து, ரெண்டு வருசம் வளத்துத் தூரு கட்டுனப்புறம் பாதியை ஏலத்துக்குத் திருப்பி வாங்கிக்கிடுதாங்க. அடே, இது நம்ம ஆட்டை வாரத்துக்கு விடுத கணக்குல்லா! குட்டியில பாதி உனக்கு, பாதி எனக்கு. ஆட்டுக்கும் பூவுக்கும் அமெரிக்காக்காரன் ஒரே சட்டம் வச்சிருக்கான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

சூலை மாசம் உங்க பூக்காட்சிக்கு நீ என்னை விடியக்காலம் எழுப்பிக் கூட்டிட்டுப் போனே. ஆளாளுக்கு ஒரு தண்டை வெட்டிப் பாட்டில்ல நட்டு, காதுகுடையுற பஞ்சை வச்சு இதழ்ல உதிந்த மகரந்தத்தைத் துடைக்காங்க. நேத்து வாடுன பூவைக் கிள்ளி எடுத்து, கிள்ளுன தடமும் தெரியாம ஒப்பனை. கலியாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை பேரு நிக்க மாட்டாங்க. பெறகு நடுவர் வந்தாரு. பூவை மட்டுமா பாத்தாரு? தண்டு நிமிந்திருக்கா, எத்தனை கிளை, எத்தனை மொட்டு, எல்லாத்துக்கும் மார்க்கு. கழுகுமலை மாட்டுத்தாவணியில சுழியும் பல்லும் பாக்க மாதிரியே இருந்துச்சு.

இங்கதான் நீ மாட்டுனே. நடுவரு தலை முதக்கொண்டு கால் வரைக்கும் பாக்காரு. நீ மூஞ்சியை மட்டும் 117 தடவை எடுத்திருக்கே. உனக்குப் பொண்ணு தேடுனப்போ உன்னை நெஞ்சுக்கு மேல மட்டும் எடுத்து அனுப்புனோம். ஏன்னு உனக்கே தெரியும், தொந்தியை மறைக்க. டேலிலி விக்குதவனும் அதே சோலிதான் பாக்கான். படத்துல பூ வட்டத்தட்டு மாதிரி மின்னும். நூறு டாலரைக் குடுத்து நட்டா, தண்டு இலைக்குள்ள பதுங்கி நாலு மொட்டோட முடிஞ்சுபோகும்.

ஸ்டெல்லா டி ஓரோவை எடுத்துக்கோ. இந்தியானாக்காரர் வால்டர் ஜப்லோன்ஸ்கி 1975-ல பதிஞ்சது. சின்ன மஞ்சப் பூ. கிட்டப் போயிப் படம் எடுத்தா ஒரு லைக்கும் விழாது. ஆனா திரும்பத் திரும்ப மாசக்கணக்காப் பூக்கும். 1985-ல அந்தப் பெரிய சங்கத்தோட பெரிய விருது, ஸ்டவுட் பதக்கம், அதுக்குத்தான் போச்சு. உங்க ஊரு பெட்ரோல் பங்கு ஓரத்துலகூட அதுதான் நிக்குது. அதோட அழகு மூஞ்சியில இல்ல, உழைப்புல இருக்கு. அதை நீ தூரோட தள்ளி நின்னு எடுக்கணும்.

சரி, மூஞ்சிதான் வேணும்னாலும் ஒழுங்கா எடு. உச்சி வெயில்ல எடுத்த அந்தச் சிவப்பு என்ன பூவுலே? தக்காளிச் சட்னி கொட்டுன மாதிரி இருக்கு, இதழ்ல ஒரு நரம்பு தெரியல. சிவப்பைக் கேமரா தாங்காது. போன் திரையில பூ மேல விரலை வச்சு வெளிச்சத்தை ஒரு பொட்டு இறக்கு. கருஞ்சிவப்பும் ஊதாவும் மத்தியானத்துக்குள்ள வெந்துபோகும், அதைக் காலையிலயே முடிச்சிரு. மூக்கு இடிக்கப் போயி எடுக்காத. முன்னிதழ் யானைக்காது மாதிரி வீங்கும். ரெண்டடி பின்னால வந்து ஜூம் பண்ணு. பெரிய கேமராவுல லென்சுத் துவாரத்தை f/8-லயோ f/11-லயோ வை. அப்பந்தான் சூல்தண்டு நுனியும் இதழ் விளிம்பும் சேந்து தெளியும். நீலப் பூ கேட்டு உன் சித்தி மெசேஜ் போட்டாளாம். டேலிலியில நீலம் இன்னும் எவனும் உண்டாக்கல. படத்துல நீலமா தெரிஞ்சா அது படத்தைத் திருத்துன விரலு பண்ணுன வேலை. ரெண்டு படம் நிழல்லயே எடுத்திருக்கே போல, அதுலயும் நீலம் ஏறும்.

பேருப் பலகையை மொதல்ல ஒரு படம் எடு, பெறகு பூ. இல்லன்னா வீட்டுக்கு வந்து முப்பது ஆரஞ்சுப் பூவை வரிசையா வச்சு, இது யாரு புள்ள, அது யாரு புள்ளன்னு முழிப்பே. போன தடவை முழிச்சல்லா.

அப்புறம் நாம போன அந்தத் தோட்டச் சுற்றுலா. மேகமும் இல்ல, நிழலும் இல்ல, பூ மேல சுள்ளுன்னு வெயில். வெள்ளைக் குடையைக் காருல மறந்துட்டு நீ கையைப் பிசைஞ்சப்போ, என் இடுப்பு வேட்டியை உருவிக் குடுத்து, டவுசரோட நின்னவன் நான். ரெண்டு வெள்ளைக்காரப் பாட்டிமாரு ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு விரிக்க, வெளிச்சம் பாலு மாதிரி இறங்குச்சு. அன்னைக்கு எடுத்த பத்துப் படந்தான் இந்த 117-ல தேறுது. அந்தப் பாட்டிமாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

வேட்டி இன்னும் உன் காரு டிக்கியிலதான் கிடக்கு, மகரந்தக் கறையோட. பொங்கலுக்கு வரும்போது துவைச்சுக் கொண்டா.