காரில் கழியும் இரவு

கேள்வி: கோயில் யாத்திரை போனால் நாங்கள் லாட்ஜில் தங்குகிறோம், டிரைவரோ காரிலேயே சீட்டைச் சாய்த்துச் சுகமாகத் தூங்கிவிடுகிறார். அவருக்கும் தனி இடம் எதற்கு?

பதில்: அவ்வளவு சுகமான சயனம் என்றால், அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு ஓர் இரவு தாங்கள் காரில் படுத்துப் பார்க்கலாமே?

காலை மடக்கி, கழுத்தைக் கதவோரம் சாய்த்து, கொசுவுக்கு அஞ்சிக் கண்ணாடியை ஏற்றுவதும் புழுக்கம் தாளாமல் இறக்குவதுமாக இரவைக் கழிக்கும் அந்த மனிதருக்கு, கனவு காணும் நித்திரையில் தேகத்தின் தசைகள் தளர்ந்து தலை சரியும்போதெல்லாம் விழிப்புத் தட்டிவிடுவதால், விடியும்வரை கண்மூடிக் கிடந்தும் பூரண ஓய்வு கிட்டுவதில்லை. 1940இல் லண்டனில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்குமிடங்களில் சாய்வு நாற்காலியிலேயே உறங்கியவர்களில் சிலர், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைத்ததால் மாண்டதை, கீத் சிம்ப்ஸன் என்ற வைத்தியர் அவ்வாண்டே எழுதி வைத்தார். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதோ, கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாசனையற்ற விஷவாயுவுக்கு வழிவிடுவதாகும்.

விடுதிகளில் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் குளியலறையும் வேண்டுமென்று தமிழக அரசு 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியிருக்கிறது. அறைக்குச் சொல்லும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். விடியற்காலையில் உங்கள் குடும்பம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறவர் அவர்.