கேட்பதற்காகப் பிறந்த கருவி

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். அந்தக் காலத்துப் பெங்களூரில் மில் சங்கு ஊதினால் ஸ்ரீராமபுரமே எழுந்துகொள்ளும். அவர் வேலை செய்த கூடத்தில் விசைத்தறிகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் நாடா இடமும் வலமும் அடித்துக்கொண்டு ஓடும். பக்கத்துத் தறிக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உதட்டை நன்றாக அசைத்துக் காட்ட வேண்டும், அல்லது கையால் சொல்ல வேண்டும். உள்ளே குரலுக்கு வேலையில்லை. காதுக்குப் பாதுகாப்பு என்று அவருக்குக் கிடைத்தது கழிவுப் பஞ்சுதான். அதைத் திரித்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பார்.

ஐம்பது வயதுக்கு முன்பே அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஓயாத பேரிரைச்சல் முதலில் தின்பது உயர்ந்த, மெல்லிய ஒலிகளைக் கேட்கும் திறனை. அதனால் அப்பாவுக்குத் தெருவில் லாரி வருவது கேட்கும். வீட்டுக் கூடத்தில் அக்கா பேசுவது கேட்காது. குரல் வருவது தெரியும், சொல் பிரியாது. ‘ச’வும் ‘த’வும் நழுவிப்போன பேச்சை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வார். விளக்கு அணைந்த பிறகு அவரோடு யாரும் பேச முடியாது, உதடு தெரியாது என்பதால். இதை ஒரு நோய் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இருந்தது என்பதை அவர் காலமான பிறகுதான் நான் படித்தேன்.

அக்கா மகன் சேலத்தில் வளர்ந்து, வேலைக்காக இங்கே வந்தவன். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு மென்பொருள் அலுவலகம். முழுக்க ஏ.சி. தரையில் கம்பளம், கண்ணாடிச் சுவர்கள், காலடி ஓசைகூடக் கேட்காது. வேலையில் சேர்ந்த அன்று பையும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்தபோது, நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸும் கொடுத்திருக்கிறார்கள். தறிக்கூடத்தில் நின்றவருக்குப் பஞ்சு. கம்பளம் விரித்த அறையில் உட்கார்ந்தவனுக்கு எதிர் அலை உண்டாக்கும் சிப். ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், இரண்டு தலைமுறைக்குள் நடந்தது இது. அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. கருவி இருந்தும் அது போய்ச் சேர வேண்டிய காதுகளை விட்டுவிட்டு வேறு காதுகளுக்குப் போனது பற்றித்தான் வருத்தம்.

இப்போது அந்த ஜோடிக்கு பேட்டரி தேய்ந்துவிட்டது. புதிதாக வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறான். “நீங்கதான் சத்தம் பத்தியே பேசிக்கிட்டிருப்பீங்களே மாமா, சொல்லுங்க.” சொல்வதற்காகவே இந்தக் கருவியைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

நல்லது முதலில். ஒலி என்பது காற்றில் ஏறி இறங்கும் அழுத்தம். முன்னால் வரும் ஊஞ்சலை எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தில் தள்ளினால் நின்றுவிடும் அல்லவா, அதுதான் சூத்திரம். வெளியே ஒரு மைக் இரைச்சலைக் கேட்கிறது. சிப் அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. உள்ளே இன்னொரு மைக் மிச்சம் என்ன என்று பார்த்துத் திருத்துகிறது. பஸ் எஞ்சின், ஏ.சி., விமானம், பக்கத்து மனையில் போர் போடும் வண்டியின் கம்ப்ரஸர் என்று ஒரே சீராக உறுமும் தாழ்ந்த ஒலிகளிடம் இது அற்புதமாக வேலை செய்கிறது. இதனால் காதுக்கு உண்மையான லாபம் உண்டு. சாதாரண இயர்போனில் பாட்டுக் கேட்பவர் பஸ் எஞ்சினை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். உறுமல் அடங்கிவிட்டால் குறைந்த ஒலியே போதும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கும் பஸ்ஸுக்குள் அந்த வரம்புக்குள் பாட்டுக் கேட்பது இப்படி ஒரு கருவி இல்லாமல் கஷ்டம்.

ஹாரனிடம் இது தோற்றுவிடும். திடீரென்று எழும் ஒலியை அளந்து எதிர் அலை செய்வதற்குள் ஒலி காதைத் தொட்டுவிடும். உயர்ந்த சுருதியும் அப்படித்தான். டைல்ஸ் அறுக்கும் பிளேடின் கிறீச்சிடலை எவ்வளவு தடுத்தாலும் அது சிப்பின் சாமர்த்தியமல்ல, காதை அடைத்திருக்கும் சிலிக்கோன் முனையின் வேலை. மனிதப் பேச்சையும் அந்தச் சிப் பெரிதாக அழிப்பதில்லை. இதைப் படித்தபோதுதான் எனக்கு இந்தக் கருவியின் மேல் மரியாதை வந்தது. அதன் பிறப்பே அப்படி.

எதிர் அலையால் ஒலியை அடக்கலாம் என்று ஜெர்மானியரான பால் லூக் 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். அது காதுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1978-ல் ஜூரிக்கிலிருந்து அமெரிக்கா திரும்பியபோது, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், விமானத்தில் கொடுத்த ஹெட்போனைப் போட்டுப் பார்த்தார். எஞ்சின் இரைச்சலில் இசை மூழ்கிப்போனது. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். 1986-ல் வாயேஜர் என்ற சின்ன விமானம் வழியில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியது. அதில் போன இரண்டு விமானிகளின் காதுகளைக் காக்க, அந்தக் கணக்கிலிருந்து உருவான ஹெட்செட்டின் முன்மாதிரிகள் பயன்பட்டன. 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் சந்தைக்கு வந்தது.

விமானி அதை எதற்காக மாட்டினார் என்பதுதான் முக்கியம். எஞ்சினை அடக்கினால் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவது கேட்கும், தரையிலிருந்து வரும் குரல் தெளிவாகப் புரியும், வீடு திரும்பும்போது காதும் மிஞ்சும். அடுத்தவர் குரலைக் கேட்பதற்காகப் பிறந்த கருவி அது. அப்பாவுக்கு வேண்டியிருந்தது அதேதான். தறிச்சத்தம் போய், பக்கத்துத் தறிக்காரரின் குரல் மட்டும் வந்திருந்தால் அவர் எவ்வளவு பேசியிருப்பார்!

நம் ஊரில் அதை மாட்டுகிறவர்கள் உறுமலை அடக்கியதோடு நிறுத்துவதில்லை. மேலே பாட்டையும் ஏற்றி, மிச்சமிருக்கும் பேச்சையும் மூடிவிடுகிறார்கள். காலையில் பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறினால் பெட்டி முழுக்கக் காதுகளில் வெள்ளையும் கறுப்புமாகக் குமிழ்கள். இந்த ஊதா வழித்தடம் 2011 அக்டோபரில் எம்.ஜி. ரோடு வரை மட்டும் ஓடத் தொடங்கியபோது, புதுமை பார்க்க வந்தவர்கள் ஒருவரோடொருவர் வாயோயாமல் பேசிக்கொண்டு போவார்கள். இன்று அதே தடம் ஒயிட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டா வரை நீண்டுவிட்டது. பெட்டிக்குள் நிலையத்தின் பெயரை அறிவிக்கும் பதிவுக் குரல்தான் பேசுகிறது.

இதில் போகிற பெரிய பொருள் மொழி என்று நினைக்கிறேன். அம்மா தர்மபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. குழாயடியிலும் ரேஷன் கடை வரிசையிலும் சிவப்பு பி.டி.எஸ். பஸ்ஸிலும் காதில் விழுந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டார். “ஒளகே ஹோகி, ஒளகே ஹோகி” என்று கண்டக்டர் கத்துவார், கூட்டம் நகரும், அர்த்தம் தானாக விளங்கும். பின்சீட்டில் இரண்டு பெண்கள் மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள். முதல் மாதம் அழுகை புரியும், அடுத்த மாதம் சொல் புரியும். இப்படித்தான் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊர்ப் பாஷையைப் பேசப் பழகின. அக்கா மகன் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஆட்டோக்காரரிடம் இன்னும் ஆங்கிலமும் இந்தியும் கலந்து தடுமாறுகிறான். அவன் மந்தன் அல்ல. அவன் காது திறந்திருக்கும் நேரம் குறைவு, அவ்வளவுதான். மொழிக்காக அவ்வப்போது முறைப்பும் சண்டையும் எழுகிற ஊர் இது. வந்து குடியேறியவன் இந்த ஊரைக் கேட்காமல் இருப்பது சின்ன விஷயமில்லை.

2023 ஜூனில் சக்தி திட்டம் வந்து, அரசின் சாதாரண பஸ்களில் கர்நாடகப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. அதற்குப் பிறகு 335-ஈ போன்ற வண்டிகளில் பகல் வேளையிலும் பேச்சுக் கலகலப்பு கூடியிருக்கிறது. அலுவலக நேரத்து ஏ.சி. பஸ்ஸைவிட அதில் இன்று நிறையக் கன்னடம் கற்கலாம்.

சத்தமெல்லாம் நல்லது என்று சொல்ல வரவில்லை. 1996 மார்ச் 9, சின்னசாமி மைதானத்தில் இந்தியா–பாகிஸ்தான் காலிறுதி. வெங்கடேஷ் பிரசாத் ஆமிர் சொஹைலின் ஸ்டம்பைப் பறக்கவிட்ட நேரத்தில் நான் டீ வாங்கிக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை, வீட்டுக்கு வீடு எழுந்த கூச்சலிலேயே விழுந்தது யார் விக்கெட் என்று தெரிந்துவிட்டது. அது எல்லோருக்கும் சேர்ந்த சத்தம். பஸ்ஸில் ஒருவர் போனை ஸ்பீக்கரில் வைத்து ரீல்ஸ் ஓடவிடுவது அந்த வகையல்ல. 2021-ல் கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் தன் பேருந்துகளில் அதைத் தடை செய்தது சரியான காரியம். அப்படிப்பட்டவர் காதில் ஓர் இயர்பட் இருப்பது ஊருக்கே நன்மை. சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பதே வரம்பு. சாலையோரத்தில் வீடு வாடகைக்கு எடுத்தவர்கள் இந்த எண்களை நம்ப மாட்டார்கள். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்க வேண்டிய நர்ஸுக்கு இந்தக் கருவி ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சாலையில் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். ஊரெங்கும் மின்சார ஸ்கூட்டர்கள். எஞ்சின் ஓசை இல்லாமல், நடைபாதை மேலேயே ஏறிப் பின்னாலிருந்து வருகின்றன. சத்தமில்லாத வண்டியும் கேட்காத பாதசாரியும் ஒரே நேரத்தில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அப்புறம் பேட்டரி. உள்ளே இருப்பது மிகச் சின்ன லித்தியம் செல். ஒட்டி மூடியிருப்பதால் மாற்ற வழியில்லாமல், பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டில் முழு ஜோடியையும் தூக்கிப்போட நேர்கிறது. மின்கழிவை முறையாகப் பிரித்தெடுக்க உரிமம் பெற்ற நாட்டின் முதல் நிறுவனமான இ-பரிசரா இந்த ஊருக்கு வெளியே டாபஸ்பேட்டையில்தான் இருக்கிறது. தேய்ந்த ஜோடியைக் குப்பைக்காரரிடம் கொடுக்காமல் அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பலாம்.

இந்த ஊரிலேயே நடந்த ஒன்று என்னை மிகவும் மகிழ்வித்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு, ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்பட்ஸைக் காது கேட்கும் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அனுமதி கொடுத்தது. லேசான, நடுத்தரச் செவிக்குறை உள்ள பெரியவர்களுக்கானது அது. இந்தியாவில் அந்த வசதி அப்போது திறக்கப்படவில்லை. லாக்ரேஞ்ச் பாயின்ட் என்ற பெயரில் இங்கே கூடி வேலை செய்யும் சில இளைஞர்கள் தங்கள் பாட்டிமாருக்காக அதைத் திறந்துவிட்டார்கள். அலுமினியத் தாளும் செப்பு வலையும் சுற்றிய பெட்டிக்குள் ஐபேடை வைத்து, பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பை ஓடவிட்டுச் சுற்றியுள்ள வைஃபை சிக்னலைக் கலைத்து, கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருக்கும் வைஃபை பெயர்களை உள்ளே ஒலிபரப்பினார்கள். ஐபேட் தான் அமெரிக்காவில் இருப்பதாக நம்பி வசதியைத் திறந்தது. பிறகு மற்றவர்களுக்கும் செய்து கொடுத்தார்கள்.

ஒரு பாட்டிக்குப் பேரனின் சொல் பிரிந்து கேட்க வேண்டும் என்பதற்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். விமானியின் தலையில் தொடங்கிய கருவி அதன் வேலைக்கே திரும்பியது அங்கேதான். இதுபோல ஒன்று பீன்யாவின் பட்டறைகளுக்கும் மைசூர் ரோட்டுத் துணி ஆலைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கு விலையுயர்ந்த சிப்கூடத் தேவையில்லை. நல்ல காது அடைப்பானும், ஆண்டுக்கு ஒரு முறை செவிப் பரிசோதனையும், அதை எழுதிவைக்கிற நோட்டும் இருந்தால் போதும். அப்பாவுக்கு அப்படி ஒரு பரிசோதனை ஒருநாளும் நடந்ததில்லை. மல்லேஸ்வரத்தில் ராஜா மில் இருந்த நிலத்தில் இன்று மால் நிற்கிறது. வேறு பக்கம் இருந்த அப்பாவின் மில்லும் இப்போது இல்லை. கேட்கவும் இடமில்லை.

அக்கா மகனிடம் சொன்னது இவ்வளவுதான். நல்லதாக ஒன்று வாங்கு. ஆபீஸில் வேலைக்கு மாட்டிக்கொள், விமானத்தில் மாட்டிக்கொள். பஸ்ஸில் உறுமலை மட்டும் அடக்கு, பாட்டுப் போடாதே. கண்டக்டர் என்ன சொல்கிறார், பின்சீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று கேள். ரோட்டில் இறங்கினால் கழற்றிப் பையில் போடு.

“மெட்ரோல?” என்று கேட்டான்.

“அங்கதான் யாரும் பேசறதில்லையே. பாட்டுக் கேட்டுக்கோ.”

“பஸ்ல கேக்க மாட்டேன் மாமா. ஒரு மாசம் பாக்கறேன்” என்றான். வரும் திங்கட்கிழமை 335-ஈ.